வாசகர் பொருளால் வாழும் ஏடு: யாழ்ப்பாணத்து அனுபவமும் கணினி விளையாட்டுச் செய்தித் தளங்களும்

தோற்றுவாய்

ஓர் ஏட்டை நடத்துவதற்கு வேண்டுவோர் யாவர் என்று வினவினால், எழுதுவோர், அச்சிடுவோர், வாசிப்போர் என்னும் முத்திறத்தாரையும் எண்ணிச் சொல்வது வழக்கம். இம்மூவரையும் தாங்கி நிற்கும் பொருளைத் தருபவர் யார் என்னும் வினா பெரும்பாலும் கடைசியிலேயே எழுகிறது. ஆயினும் ஏட்டின் குரலையும் ஆயுளையும் நிர்ணயிப்பது அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையே. இன்று யாழ்ப்பாணத்து இளைஞர் சிலர் கூடி, கணினி விளையாட்டுக்களைப் பற்றித் தமிழில் செய்தியும் விமர்சனமும் எழுதும் இணையத்தளம் ஒன்றை, விளம்பரத்தை நாடாது வாசகரின் சந்தாவைக் கொண்டே நடத்த விரும்பினால், அவர்கள் புதியதொரு பாதையில் அடியெடுத்து வைப்பதாகவே எண்ணக்கூடும். உண்மையில், 1841ஆம் ஆண்டு முதலாகக் குடாநாட்டுப் பத்திராதிபர்கள் இதே வினாவுடன் மல்லாடி வந்துள்ளனர். அவர்களது அனுபவத்தையும், மேல்நாட்டு விளையாட்டுச் செய்தித் தளங்கள் அண்மைக் காலத்தில் பெற்ற அனுபவத்தையும் ஒருங்கே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்தாபனத்தின் நிழலில்

யாழ்ப்பாணத்தின் முதற் பத்திரிகையாகிய உதயதாரகை, அமெரிக்க மிஷனாரின் முயற்சியால் 1841ஆம் ஆண்டு ஜனவரி 7ஆந் திகதி, தமிழும் ஆங்கிலமுமாக வெளிவந்தது. மானிப்பாயில் மிஷன் நிறுவியிருந்த அச்சகமே அதன் இருப்பிடம். ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் சுதேசிகள் இருவர் அதன் ஆசிரியராய் அமர்ந்தனர். அச்சு யந்திரமும் காகிதமும் கூலியும் மிஷனுடையவை ஆதலின், சந்தா சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பத்திரிகை வெளிவரும் என்ற உறுதி அதற்கு இருந்தது.

இதற்கு எதிர்முகமாக ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சு யந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். சைவ அபிமானிகள் உதவிய பொருளே அம்முயற்சிக்கு ஆதாரம். கத்தோலிக்க திருச்சபையின் பாதுகாவலன் 1876இலும், சைவ பரிபாலன சபையின் இந்து சாதனம் 1889இலும் தோன்றின. குடாநாட்டில் நூறாண்டைக் கடந்து வாழ்ந்த பத்திரிகைகளை எண்ணப் புகுந்தால், சபையொன்றின் பெயரால் நடந்த இவ்விரண்டுமே முதலில் நினைவுக்கு வரும். ஆசிரியர் மாறினாலும் சபை மாறுவதில்லை. ஒருவர் மறைந்தால் மற்றொருவர் அந்த நாற்காலியில் அமர்வர். ஆயுளைப் பொறுத்தவரை இதனினும் சிறந்த அமைப்பு நம்மிடையே இதுகாறும் தோன்றவில்லை.

ஆனால் இவ்வமைப்புக்கு ஒரு விலையுண்டு. சபையின் பத்திரிகை சபையின் கொள்கைக்கு மாறானதை எழுதாது. எழுதும் என்று எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. வாசகன் அங்கே விசுவாசி. தான் கொடுத்த பணத்துக்கு ஈடாகக் கணக்கும் காரணமும் கேட்கும் பங்காளியல்லன்.

தனவந்தரும் விளம்பரமும்

இரண்டாவது வழி, செல்வமும் தமிழபிமானமும் ஒருங்கே வாய்த்த ஒருவர் தம் பொருளைச் செலவிட்டு ஏடு நடத்துவது. இதற்கு நம்மிடையே உள்ள உன்னத உதாரணம் குரும்பசிட்டி நா. பொன்னையா. ரங்கூனில் தொழில் பழகித் திரும்பிய அவர், சுன்னாகத்தில் திருமகள் அழுத்தகத்தை நிறுவி, 1930இல் ஈழகேசரியைத் தொடங்கினார். சோ. சிவபாதசுந்தரமும், பின்னர் இராஜ அரியரத்தினமும் ஆசிரியராயிருந்த அவ்வாரப்பத்திரிகையே, இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் முதலிய சிறுகதை முன்னோடிகளுக்குக் களமாய் விளங்கியது. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புக்களுடன் தொல்காப்பியத்தை அச்சேற்றிய பெருமையும் பொன்னையாவைச் சாரும். இலாபம் கருதியவர் எவரும் செய்யத் துணியாத காரியம் அது. அவர் 1951இல் காலமானார். ஈழகேசரி 1958உடன் நின்றது. ஒரு மனிதரின் தயாளத்தில் வேர்கொண்ட ஏடு, அம்மனிதருக்குப் பின் ஏழாண்டுகளே வாழ்ந்தது.

மூன்றாவது வழி விளம்பரம். 1959இல் தொடங்கி நாளிதழாக வளர்ந்த ஈழநாடும், 1985இல் தோன்றிய உதயனும் வர்த்தக விளம்பரம், மரண அறிவித்தல், விற்பனை ஆகியவற்றைக் கொண்டு நடந்தவை. நாள்தோறும் செய்தி சேகரிக்கும் ஏட்டுக்கு இவ்வருவாய் இன்றியமையாதது. ஆயினும் ஊரில் சமாதானம் நிலவி, கடை திறந்து, காகிதம் வந்துசேரும் காலத்தில் மட்டுமே இவ்வழி துணைநிற்கும். 1981 ஜூன் முதலாந் திகதியை ஒட்டிய இரவுகளில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஈழநாட்டின் பணிமனையும் எரிக்கப்பட்டது. 1990க்குப் பின், மின்சாரமும் எரிபொருளும் அற்று, காகிதமும் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், குடாநாட்டுப் பத்திரிகைகள் மாணவரின் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாயின. அவற்றை வாங்கியவர் விளம்பரத்துக்காக வாங்கவில்லை. செய்தி அறியாமல் இருக்க இயலாமையால் வாங்கினர். விளம்பரதாரர் விலகிச் செல்லும் காலத்தும் வாசகர் விலகுவதில்லை என்னும் உண்மையை அவ்வாண்டுகள் நமக்கு உணர்த்தின.

வாசகரே முதலாளி: மல்லிகை

நான்காவது வழியே நம் ஆராய்ச்சிக்கு உரியது. வாசகரின் கைப்பொருளையே ஆதாரமாகக் கொண்டு நெடுங்காலம் நடந்த யாழ்ப்பாண ஏடு யாதென்று கேட்பின், ஐயமின்றி மல்லிகை என்று கூறலாம். 1966 ஆகஸ்ட் மாதத்தில் அதனைத் தொடங்கிய டொமினிக் ஜீவா தனவந்தரும் அல்லர். சபையொன்றின் பிரதிநிதியும் அல்லர். சலூன் தொழிலில் உழைத்து, அத்தொழிலைத் தம் பெருமையாகவே உலகறியச் சொல்லி, தண்ணீரும் கண்ணீரும் என்ற சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். மல்லிகைப் பிரதிகள் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீதி வீதியாக நடந்து, இலக்கியக் கூட்டங்களின் வாசலில் நின்று, நண்பரிடமும் அந்நியரிடமும் ஒரே உரிமையோடு சந்தா கேட்டுப் பெற்றார் அவர். வாங்குவோரின் முகத்தை நேரிற் கண்டு விற்றமையால், எந்தக் கட்டுரை யாரைத் தொட்டது, எது யாரைச் சினங்கொள்ளச் செய்தது என்பதை அவர் அன்றன்றே அறிந்தார். இலட்சம் பிரதி விற்கும் பத்திரிகை முதலாளிக்கும் கிட்டாத அறிவு அது.

மல்லிகையின் நிலைபேற்றுக்கு மூன்று காரணங்களைக் காட்டலாம். முதலாவது, செலவின் எளிமை. சிறிய பணிமனை, ஓர் அச்சுக்கோப்பாளர், ஆசிரியரே விநியோகஸ்தர் என்றவாறு அமைந்த ஏட்டுக்குப் பெருந்தொகை வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது, வாசகருக்கு அது கொடுத்த மரியாதை. எழுத்தாளர், கலைஞர், சமூகப் பணியாளர் பலரின் உருவத்தை அட்டையில் பதித்து, அவர்கள் வாழும் நாளிலேயே கௌரவித்தமையால், அது தம்முடைய ஏடு என்ற உணர்வு பரவலாக வேரூன்றியது. மூன்றாவது, காலத்தின் உதவி. 1970களில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, ஈழத்து வாசகரின் பசியை ஈழத்து ஏடுகளே ஆற்ற வேண்டியிருந்தது.

1995 அக்டோபர் இறுதியில் குடாநாடே இடம்பெயர்ந்த பேரவலத்தின் பின் மல்லிகை கொழும்புக்குச் சென்று அங்கிருந்து தொடர்ந்தது. 2012ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ நானூறு இதழ்களுடன் அது நின்றபோது, ஜீவா எண்பத்தைந்து வயதைத் தொட்டிருந்தார். 2021 ஜனவரியில் அவர் மறைந்தார். சந்தா கொடுத்தோர் இருந்தனர், எழுதுவோரும் இருந்தனர், ஆனால் அந்தப் பையைத் தோளில் ஏற்றிக்கொள்ளும் இரண்டாமவர் உருவாக்கப்படவில்லை. வாசகர் பொருள் ஓர் ஏட்டை வாழ்விக்கும் என்பதற்கு மல்லிகையே நமக்குப் பெருஞ்சான்று. அப்பொருள் ஒரு மனிதரின் உடலுழைப்பையே நம்பிச் சேர்க்கப்படுமாயின், ஏட்டின் ஆயுள் அம்மனிதரின் ஆயுளுக்குள் அடங்கிவிடும் என்பதற்கும் அதுவே சான்று.

மல்லிகைக்கு முன்னும் பின்னும் தோன்றிய சிற்றேடுகள் இதையே வேறு அளவில் மெய்ப்பிக்கின்றன. வரதரும் அ. செ. முருகானந்தனும் நண்பருடன் கூடி நடத்திய மறுமலர்ச்சி 1946 முதல் 1948 வரையே வாழ்ந்தது. சிற்பியின் கலைச்செல்வி 1958இல் தொடங்கி எட்டாண்டுகள் வந்தது. அ. யேசுராசா முதலியோரின் அலை 1975இலிருந்து 1990 வரை, இடைவெளிகளுடன் வெளிவந்தது. 2007இல் க. பரணீதரன் அல்வாயில் தொடங்கிய ஜீவநதி, போர்க்காலத்தைத் தாண்டி வந்து, ஒரு கிராமத்திலிருந்தும் மாத ஏடு நடத்தலாம் என்பதை நிலைநாட்டியுள்ளது. இவற்றின் தரத்தில் குறை காண்பது அரிது. நின்றுபோனவை வாசகர் வெறுத்ததனால் நிற்கவில்லை. நடத்தியவர் கைகள் ஓய்ந்ததனாலேயே நின்றன.

வாசிப்போர் பலர், கொடுப்போர் சிலர்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வாசிகசாலை இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. சனசமூக நிலையத்தின் மேசையில் விரித்துக் கிடக்கும் ஒரே பத்திரிகையைக் காலை முதல் மாலை வரை ஐம்பது பேர் வாசிப்பர். விலை கொடுத்தது நிலையம் ஒன்றே. அறிவு பரவுவதற்கு இதனினும் மேலான ஏற்பாடு இல்லை; பத்திராதிபரின் கல்லாப்பெட்டிக்கு மட்டும் இதனால் நிரப்பில்லை. இணையத்தளம் நடத்துவோர் இன்று எதிர்கொள்வதும் இதே நிலைதான். ஆயிரம் பேர் படிப்பர். அவருள் மனமுவந்து மாதந்தோறும் பணம் தருவோர் மிகச் சிலராகவே இருப்பர். படிப்போர் யாவரும் கொடுக்க வேண்டும் என்று கதவை அடைத்தால், புதிய வாசகர் வரமாட்டார். எவரும் கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டால், எழுதுவோர் பசியால் ஓய்வர்.

இவ்விரண்டுக்கும் இடைவழி நம் மரபிலேயே உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, சேர்ந்ததைச் சைவப் பாடசாலைகளுக்கும் தரும காரியங்களுக்கும் கொடுக்கும் பிடியரிசி வழக்கத்தில், கொடுத்த வீட்டுப் பிள்ளையும் கொடாத வீட்டுப் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தனர். எவரையும் வருத்தாத சிறிய அளவு, தவறாத ஒழுங்கு, பயன் அனைவருக்கும் பொது: வாசகர் ஆதரவில் நடக்கும் ஏடு பின்பற்றத்தக்க நெறி இதுவே.

மேல்நாட்டு விளையாட்டுத் தளங்களின் பாடம்

கணினி விளையாட்டுச் செய்தித் துறையில் வாசகர் பொருளின் அவசியம் ஏனைய துறைகளைவிடக் கூர்மையாக வெளிப்படுகிறது. ஏனெனில் அத்துறையில் விளம்பரம் தருபவரும், விமர்சனத்துக்கு உள்ளாகும் விளையாட்டை விற்பவரும் பெரும்பாலும் ஒருவரே. வெளியீட்டுக்கு முன் விளையாட்டின் பிரதியை இலவசமாகக் கொடுப்பவரும் அவரே. விமர்சனம் எந்நாளில் வெளியாகலாம் என்று நாள் குறிப்பவரும் அவரே.

2007 நவம்பரில், கேம்ஸ்பொட் என்னும் புகழ்பெற்ற தளத்தின் ஆசிரியர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் வேலைநீக்கம் செய்யப்பட்டார். கேன் அண்ட் லிஞ்ச் என்ற விளையாட்டுக்கு அவர் நடுத்தர மதிப்பெண் கொடுத்திருந்தார்; அதே விளையாட்டின் விளம்பரம் தளமெங்கும் நிறைந்திருந்தது. விளம்பரதாரரின் அழுத்தம் அந்நீக்கத்துக்குக் காரணமாயிருந்ததை 2012இல் அவரே வெளிப்படையாகக் கூறினார். அவரும் தோழர்களும் 2008இல் ஜயன்ட் பொம் என்ற தளத்தைத் தொடங்கி, 2010 முதல் வாசகரிடம் சந்தா பெறலாயினர். சந்தா தந்தோர் பலர், தளமும் வளர்ந்தது. எனினும் 2012க்குப் பின் அது பெருநிறுவனங்கள் பலவற்றின் கைக்கு மாறிச் சென்று, 2025 மே மாதத்திலேயே அதில் பணியாற்றிய இருவரின் சொத்தாக மீண்டது. வாசகர் பணம் தருவது வேறு, தளத்தின் உரிமை எழுதுவோரிடம் இருப்பது வேறு என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகிறது. முன்னது இருந்து பின்னது இல்லையாயின், வாசகர் கட்டிய வீட்டை வேறொருவர் விற்றுவிடலாம்.

2023 நவம்பரில் இரு நிகழ்ச்சிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தன. எஸ்கேப்பிஸ்ட் தளத்தின் தலைமை ஆசிரியர் நீக்கப்பட்டபோது, காணொளிப் பிரிவினர் அனைவரும் விலகி, வாசகர் ஆதரவில் செக்கண்ட் விண்ட் என்ற முயற்சியைத் தொடங்கினர். கொட்டாக்கு முதலிய தளங்களிலிருந்து வந்த எழுத்தாளர் ஐவர், தாமே உரிமையாளராய், சந்தாவை நம்பி ஆஃப்டர்மாத் என்ற தளத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், முப்பத்து மூன்று ஆண்டுகள் வெளிவந்த கேம் இன்ஃபோர்மர் என்ற சஞ்சிகையை, அதன் உரிமையாளரான கடைச் சங்கிலி நிறுவனம் ஒரே நாளில் மூடியது. ஓராண்டுக்குள் அது வேறொரு நிறுவனத்தின் கையில் மீண்டும் உயிர்பெற்றது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் விளையாடுவோருக்காக 2009இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட கேமிங் ஒன் லினக்ஸ் தளமோ, மிகக் குறுகிய பொருளொன்றை எடுத்துக்கொண்டு, ஆதரவாளரின் மாதாந்தப் பணத்தையே முக்கிய ஆதாரமாகக் கொண்டு, செய்திகளை யாவருக்கும் திறந்துவைத்தே நடந்து வருகிறது. எல்லாரையும் திருப்திசெய்ய முயலும் தளத்தைவிட, ஒரு சாராருக்கு இன்றியமையாததாய் விளங்கும் தளத்துக்கே வாசகர் மனமுவந்து கொடுக்கின்றனர் என்பது இதனால் பெறப்படும்.

நம்மவருக்குரிய களம்

தமிழில் இத்தகைய ஏட்டுக்கு விஷயம் உண்டா என்று ஐயுறுவோர், வெண்பா என்ற விளையாட்டை நினைவுகூர்வாராக. ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட அது, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் வாழ்வை, சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டின் வழியே சொல்வது. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும், சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும் பரிசும் அதற்குக் கிடைத்தன. அதனை விரித்து ஆராய்ந்த கட்டுரைகளை உலகம் ஆங்கிலத்திலேயே கண்டது. நம் வீட்டுச் சமையலறையைப் பற்றிய படைப்பை நம் மொழியில் நுணுகி ஆராயும் ஏடொன்று நமக்கு இருந்திருக்க வேண்டும். யாழ் ஐரி ஹப் போன்ற அமைப்புக்கள் குடாநாட்டு இளைஞரிடையே மென்பொருள் ஆர்வத்தை வளர்த்துள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கணினி கற்றோரை ஆண்டுதோறும் அனுப்புகிறது. எழுதுவோருக்கும் விளையாடுவோருக்கும் பஞ்சமில்லை. வேண்டுவது ஏற்பாடு ஒன்றே.

அவ்வேற்பாட்டுக்கு நம்மிடையே உள்ள சிறந்த முன்மாதிரி நூலகம் என்னும் எண்ணிம ஆவணக் காப்பகம். 2005இல் தன்னார்வலர் சிலரால் தொடங்கப்பட்டு, பின்னர் நிறுவனமாகப் பதிவுபெற்று, இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களை யாவரும் விலையின்றிப் படிக்கும் வண்ணம் இணையத்தில் வைத்துள்ளது அது. ஈழகேசரியையும் மல்லிகையையும் இன்று நாம் மீண்டும் படிக்க முடிவது அதன் கைங்கரியத்தாலேயே. தன்னார்வலரின் உழைப்பு, புலம்பெயர்ந்தோரின் அன்பளிப்பு, பிரித்தானிய நூலகம் போன்ற ஸ்தாபனங்களின் திட்ட உதவி என்னும் மூன்றும் கலந்தது அதன் பொருளாதாரம். தொடங்கியவர் எவரும் இல்லாதபோதும் வேலை நடக்கும்படி பொறுப்பைப் பகிர்ந்தமையும், வரவு செலவைப் பொதுவில் வைத்தமையுமே அதன் தனிச்சிறப்பு. சபையின் நீடிப்பும் வாசகரின் சுதந்திரமும் அங்கே ஒருங்கே சேர்ந்துள்ளன.

நடைமுறைக்குச் சில

இவற்றிலிருந்து பெறப்படும் நடைமுறை விதிகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, பொருளைக் குறுக்குதல். உலக விளையாட்டுச் செய்தி அனைத்தையும் மொழிபெயர்த்துத் தருவது வீண். தமிழர் படைக்கும் விளையாட்டுக்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆடும் விளையாட்டுக்கள், அவற்றால் விளையும் நன்மை தீமை என வேறெங்கும் கிடைக்காதவற்றையே எழுத வேண்டும்.

இரண்டாவது, செய்தியைப் பொதுவில் வைத்து, ஆதரவை வேண்டுதல். பிள்ளைக்குச் சந்தா இல்லை என்பதால் செய்தி மறுக்கப்படலாகாது. ஆதரவாளருக்கு வேண்டுமாயின் மாத மடலும், ஆசிரியருடன் உரையாடும் வாய்ப்பும் தரலாம்.

மூன்றாவது, பணம் வரும் வழியைச் சீர்செய்தல். அக்காலத்தில் கொழும்பிலும் மலாயாவிலும் உத்தியோகம் பார்த்தோர் காசுக்கட்டளை மூலம் அனுப்பிய பணமே யாழ்ப்பாணத்தின் பல காரியங்களை நடத்தியது. இன்று ரொறன்ரோவும் லண்டனும் பாரிசும் அவ்விடத்தில் நிற்கின்றன. ஆனால் பேபால் வழியாகப் பணம் பெறும் வசதி இலங்கையில் இருப்போருக்கு நெடுங்காலமாக மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே வெளிநாட்டு அன்பர் பணம் செலுத்துவதற்கு நம்பத்தகுந்த சங்கமொன்றின் கணக்கும், உள்ளூர் வாசகருக்கு வங்கி மாற்றீடும் லங்கா கியூஆர் முறையும் தொடக்கத்திலேயே ஒழுங்குசெய்யப்பட வேண்டும். வெளிநாட்டுப் பணம் எவ்வளவு வந்தாலும், உள்ளூர் வாசகன் தரும் நூறு ரூபாவைச் சிறிதென்று தள்ளலாகாது. ஏட்டின் கண் ஊரைவிட்டு அகலாதிருக்க அந்நூறு ரூபாவே காவல்.

நான்காவது, செலவை வரவுக்குள் அடக்குதல். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து காகிதம் அரிதானபோது, கொழும்பின் உபாலி நிறுவனம் தன் சனிக்கிழமைப் பதிப்புக்களின் அச்சை இடைநிறுத்த நேர்ந்தது. இணையத்தளத்துக்குக் காகிதக் கவலை இல்லையெனினும், வழங்கிக்கும் பெயர்ப்பதிவுக்கும் பெரும்பாலும் டொலரிலேயே பணம் கட்ட வேண்டும் ஆதலின், ஓராண்டுச் செலவையேனும் முன்கூட்டிச் சேமித்து வைப்பது அவசியம்.

ஐந்தாவது, விமர்சன தர்மம். இலவசப் பிரதி பெற்றால் அதனைக் கட்டுரையின் தலைப்பிலேயே சொல்ல வேண்டும். விளையாட்டு நிறுவனத்தின் விருந்தும் பயணமும் ஏற்கலாகாது. பெருந்தொகை தரும் ஓர் ஆதரவாளரும் ஒருவகையில் விளம்பரதாரரே ஆதலின், ஒருவர் தரக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு வைப்பது நன்று.

ஆறாவது, இரண்டாமவரை உருவாக்குதல். கடவுச்சொல்லும் கணக்கும் ஒருவரிடமே இருக்கும் தளம், அவருக்கு வேலை மாறினாலோ அவர் நாடு விட்டுச் சென்றாலோ அன்றே அழியும். இளைஞர் பெருந்தொகையாகப் புலம்பெயரும் நம் ஊரில் இது கற்பனையான அச்சம் அன்று. முதல் ஆண்டிலேயே சங்கமாகப் பதிவுசெய்து, குறைந்தது மூவரிடம் பொறுப்பைப் பகிர்ந்து, ஆண்டுதோறும் வரவு செலவை வெளியிட வேண்டும்.

முடிவுரை

உதயதாரகை முதல் நூலகம் வரை நீளும் வரலாற்றை ஒருசேர நோக்குமிடத்து, நம் ஏடுகள் மாண்டது வாசகர் கைவிட்டதனால் என்று சொல்வது பெரும்பாலும் பொருந்தாது. கேட்டவிடத்து வாசகர் கொடுத்தே வந்துள்ளனர். வாரிக்கொடுக்க இயலாவிடினும் தவறாது கொடுத்துள்ளனர். கொடுத்த பொருளை ஒரு மனிதரின் தியாகத்தில் தங்கியிராத ஸ்தாபனமாக மாற்றும் வேலையே நம்மால் பலமுறை செய்யப்படாது விடப்பட்டது. வாசகர் பொருள் ஏட்டுக்குச் சுதந்திரம் தரும். நல்ல அமைப்பு அதற்கு ஆயுள் தரும். இரண்டும் சேராதவிடத்து நீடித்த வாழ்வில்லை என்பதே இவ்வாராய்ச்சியின் முடிபு.

ஆதலின், விளையாட்டைப் பற்றியதாயினும் இலக்கியத்தைப் பற்றியதாயினும், ஏடு தொடங்க எண்ணும் இளைஞர் முதல் கட்டுரையை எழுதுமுன் சங்கத்தின் யாப்பை எழுதுவாராக. வாசகப் பெருமக்கள், தாம் நாள்தோறும் விலையின்றிப் படிக்கும் தமிழ் ஏடுகளுள் ஒன்றையேனும் தேர்ந்து, இம்மாதம் முதல் அதற்குச் சிறுதொகை அனுப்பத் தொடங்குவதோடு, ஆண்டு முடிவில் அதன் கணக்கைக் கேட்டுப் பெறுவாராக.